மெலிசு செயின்

“மறுபடியும் அறுந்துடுச்சா?”

புரொடக்‌ஷன் மேனேஜர் சரவணகுமார் போட்ட சத்தத்தில் பேக்கிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. சோப்புத்தூள் பெட்டிகள் போகும் கன்வேயர் பாதியில் நின்று கிடந்தது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது முறை.

ஃபிட்டர் மோசஸ் கீழே குனிந்து அறுந்த செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு மணி நேரம் குடுங்க சார், மாட்டிடறேன்.”

“மாட்டுறது இருக்கட்டும். ஏன்யா அறுந்துகிட்டே இருக்கு?”

மோசஸ் தலையைத் தூக்கவில்லை.

“வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?”

மோசஸ் அடுத்த போல்ட்டைக் கழற்றப் போனார். லைனில் வேலை பார்க்கும் மெர்சிதான் பேசினாள். “இன்னா மோசஸண்ணா, இந்த மாசமும் எங்க இன்சென்டிவ்ல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

மற்ற பெண்களும் அவரை முறைத்தார்கள். டார்கெட் போய்விட்டதே என்ற எரிச்சல் அவர்களுக்கு.

சரவணகுமார் அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு, மோசஸ் வழக்கமாகச் செயின் வாங்கும் புதுவாயல் கடைக்குத் தானே போனார். அது இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருக்கும் அட்டாச்மென்ட் செயின். அந்தக் காதுகளில்தான் கன்வேயர் பட்டைகளை போல்ட் போட்டு முடுக்குவார்கள்.

கடைக்காரர் அருணாச்சலம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உங்க லோடுக்கு இது தாங்காது சார். அளவு சரிதான், காதும் சரிதான். தகடுதான் மெலிசு. இதே அளவுல தகடு தடிமனா ஒண்ணு இருக்குது. அஞ்சு வருஷம் ஆனாலும் அசையாது.”

“இதை மோசஸ்கிட்ட சொல்லலையா நீங்க?”

“ஒவ்வொரு தபாவும் சொல்லிக்கினுதான் இருக்கறேன். மெலிசுதான் வேணும்னு அடம்பிடிச்சி வாங்கிக்கினு போறாரு.”

சரவணகுமாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அறுந்தால்தானே ஓவர்டைம்! ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகொண்டு எத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறான்!

மறுநாளே தடிமன் செயின் மாட்டியாயிற்று. மாட்டும்போது மோசஸ் ஒரே ஒரு தடவை, “இது வேணாம் சார்” என்றார். அதோடு அவரை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு நோட்டீஸ் எல்லாம் கிடையாது. ஐம்பத்தாறு வயதில், கும்மிடிப்பூண்டியில் வேறு எந்த கேட்டில் போய் நிற்பது?

பத்து நாள் லைன் நிற்கவே இல்லை. மெர்சி கோஷ்டிக்கு வாயெல்லாம் பல்.

பதினோராவது நாள், தானாகவே வேலையை விட்டதாக மோசஸ் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தை சரவணகுமாரே எடுத்துக்கொண்டு கிளம்பினார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் அவருக்கு மனசு ஆறவில்லை.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷீட் போட்ட சின்ன வீடு. பகலிலேயே உள்ளே இருட்டாக இருந்தது. மோசஸ் ஷேவ் கூடப் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார்.

“சாரா? உள்ள வாங்க சார். ஏஞ்சலு, சாருக்கு தண்ணி கொண்டா.”

மோசஸின் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, இடது கையால் டம்ளரை நீட்டினாள்.

சரவணகுமாருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்த மனுஷனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடத் தெரியாத குடும்பம்! அவர் கையை நீட்டவில்லை.

“அப்படி வெச்சிட்டுப் போம்மா.”

கடிதத்தை மோசஸிடம் கொடுத்தார். “கையெழுத்துப் போடு. பத்து நாளா லைன் ஒரு தடவை கூட நிக்கல, தெரியுமா?”

“அதான் சார் பயமா கீது.”

“நடிக்காத. ஓவர்டைமுக்குத்தானே மெலிசா வாங்கின?”

மோசஸ் கடிதத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“லைன்ல பதினாறு பொம்பளைங்க நிக்கறாங்க சார். அந்தக் காது ஒரு துப்பட்டாவையோ கிளவுஸையோ புடிச்சி இழுத்துதுன்னா, மோட்டார் நிக்காது. சுவிட்சு அந்தக் கடைசில கீது. ஓடிப்போய் நிறுத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். மெலிசு செயின்னா, மாட்டிக்கினதும் அதுவே அறுந்துடும். அடி படும், ஆனா கை மிஞ்சும்.”

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“லைன் ஓரமா, இழுத்தா நிக்கற கயித்து சுவிட்சு வேணும்னு மூணு தபா எழுதிக் குடுத்தேன் சார். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’னு நீங்கதான் எழுதி அனுப்பினீங்க.”

சரவணகுமாருக்கு முகம் சுருங்கியது. எழுதியது ஞாபகம் வந்தது. விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

“அதுக்காக? நடக்காத ஒண்ணை நினைச்சு பயந்துகிட்டு, அறுந்துபோற செயினைப் போட்டு எவனாவது கம்பெனி நடத்துவானா?”

அதுவரை டம்ளரோடு அங்கேயே நின்றிருந்த ஏஞ்சல், அதை ஸ்டூலின் மேல் வைக்கக் குனிந்தாள். முந்தானை நழுவியது. அவளுடைய வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

“நான் வேலை செஞ்ச கம்பெனில ரொம்ப நல்ல செயின் சார்” என்றாள். “கடைசி வரைக்கும் அறுவவே இல்ல.”