ஃபெரியாலே

பிரெஞ்சு புழங்கும் பியர்பொன்ட்ஸில் ஈஸ்டர் திங்கள், விடுமுறை. தெருவில் ஒரு கார்கூட ஓடவில்லை. கரைந்துகொண்டிருக்கும் பனியின் வெளிச்சம் சமையலறை மேசைவரை வந்து கிடக்கிறது. மேசையில் மடிக்கணினி, அதில் தெற்கு இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போகும் பஸ்களின் நேரங்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பக்கத்தில் ‘ஃபெரியாலே’ என்று போட்டிருக்கிறது. “பிரெஞ்சில ஃபெரியே எண்டா இண்டைக்கு மாதிரி விடுமுறை நாள். இதுவும் அதுதான். ஞாயிறு போய் இறங்கினா பஸ் இருக்கும்,” என்றபடி றெனோல்ட் விமான டிக்கெட் வாங்க விரலை நீட்டுகிறான். வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு நிற்கும் மனைவி அனோஜினிக்கு மனம் ஒப்பவில்லை. “பொறுங்கோப்பா. அப்ப வேலைநாளில அந்தச் சனம் என்னெண்டு சந்தைக்குப் போறது?” தாங்கள் அங்கே தங்கப்போகும் வீட்டின் சொந்தக்காரிக்குக் கைபேசியில் கேட்டு எழுதுகிறாள். தேத்தண்ணி ஆற முதல் பதில் வருகிறது: ஃபெரியாலே என்றால் வேலைநாள், ஞாயிற்றுக்கிழமை இங்கே பஸ்ஸே கிடையாது. றெனோல்டின் விரல் மெல்லப் பின்வாங்குகிறது. “ஒரே மாதிரிச் சொல்லு. இங்க லீவாம், அங்க வேலையாம்!” என்று வியக்கிறான். அனோஜினி ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்கான அடையாள அட்டையைக் கழுத்தில் கொழுவுகிறாள். “எனக்கு இங்கயும் வேலைதான்,” என்று சொல்லிக் கதவைத் திறக்கிறாள்.