சீனியரின் கையெழுத்து

பேனா மூடியை அழுத்தி மூடிய ‘டிக்’ சத்தம், இத்தனை வருஷம் கழித்தும் அவள் காதில் இருக்கிறது.

“எழுத மாட்டேன்,” என்றார் சீனியர்.

மேஜைக்கு எதிரே நின்ற ஜூனியருக்கு முதலில் புரியவில்லை. சுற்றுச்சூழல் சட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஒன்றைக் கல்லூரி ஆசிரியர் கொடுத்துவிட்டார். இன்னொன்றை வக்கீல் ஒருவர் கொடுக்க வேண்டும்.

“மாப்பிள்ளைக்கு இப்பத்தானே சார் எழுதிக் கொடுத்தீங்க?”

மாப்பிள்ளை என்பது இன்னொரு ஜூனியருக்கு அலுவலகம் வைத்த பெயர். சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாமல் வருவார். அவரும் அதே படிப்புக்குத்தான் விண்ணப்பிக்கிறார். வாங்கிய கடிதத்தை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

“கொடுத்தேன். சொக்கத் தங்கம்னு எழுதியிருக்கேன். உன்னைப் பத்தி என்னன்னு எழுதறது? அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடுன்னா?”

மாப்பிள்ளை சிரித்தார்.

எதைக் குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியும். சாய ஆலை வழக்கு. ஆலைக்காகச் சீனியர் வாதாடினார். ஆற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிய நீதிபதி, “இது முழு அறிக்கைதானா?” என்று கேட்டார். சீனியருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கேஸ் கட்டைக் கட்டிக் கொண்டுவந்தவள் அவள். பின்வரிசையில் எழுந்து, “கடைசிப் பக்கம் இதில் இல்லை ஐயா,” என்று சொல்லிவிட்டாள்.

வழக்கு அதோடு கவிழ்ந்தது.

“ஜட்ஜே கேட்டார் சார். நான் வேற என்ன சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாம இருக்கணும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டு, அந்த வீட்டுலயே சிபாரிசும் கேக்கறியா? போ. எதிர்த்தரப்பு அம்மா இருக்காங்களே, ஆத்துக்காக ஓசியில வாதாடறவங்க, அவங்ககிட்டப் போய்க் கேளு. அங்கேதான் உனக்கு மவுசு.”

“போகத்தான் போறேன்.”

“போ. போறப்ப மேஜையைக் காலி பண்ணிட்டுப் போ.”

வீட்டில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னா வாய் தேஞ்சாடி போயிடும்?”

“செஞ்சது தப்புன்னா சொல்லலாம்மா.”

“இடம் கிடைக்கலேன்னா?”

கிடைக்காவிட்டால் இன்னொரு சீனியர், இன்னொரு ஆலை. ஆயுசுக்கும் அதே மாதிரிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நிற்க வேண்டும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ரோஷத்தில்தான் எதிர்த்தரப்பு வக்கீலம்மாவின் அலுவலகப் படியேறினாள். வாசலிலேயே திரும்பிவிடலாமா என்றும் இருந்தது. வக்கீலம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“கடைசிப் பக்கம் நீதானே? உட்காரும்மா.”

டீ ஆறுவதற்குள் கடிதம் தயாராகிவிட்டது.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை அவளுடைய விண்ணப்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார்.

“இவ்வளவு நாள் அவர்கிட்ட ஜூனியரா இருந்திருக்கீங்க. அவரோட கடிதத்தைக் காணோமே?”

கேட்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“கேட்டேன் மேடம். மாட்டேன்னுட்டார். வேலையை விட்டும் அனுப்பிட்டார்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியை சிரித்துவிட்டார்.

“நல்லதாப் போச்சு. அவர் சிபாரிசோட வர்ற விண்ணப்பத்தை நாங்க எடுத்து ஓரமா வெச்சிடறது.”

“ஏன் மேடம்?”

“அங்கேயிருந்து வந்து எங்ககிட்டப் படிச்சவங்க எல்லாம், எந்தச் சட்டத்துல எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுக்கிட்டு நேரா ஆலைக்காரங்ககிட்டப் போயிட்டாங்க.”

“எல்லாரையும் அப்படி ஒதுக்கறது நியாயமா மேடம்?” அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

பேராசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. “நியாயம் இல்லைதான். சூடு கண்ட பூனை நாங்க.”

கொஞ்சம் தயங்கிவிட்டு அவள் கேட்டாள். “நீங்க ஒதுக்கி வைக்கறது… எங்க சீனியருக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? போன வருஷம் ஒரு கூட்டத்துல அவர் முகத்துக்கு நேராவே சொன்னேன். ‘ரொம்ப உபயோகமான தகவல் மேடம்’னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனார்.”

அவளுக்கு இடம் கிடைத்தது.

மாப்பிள்ளைக்கு நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. இன்றைக்கும் ஆலை வழக்குகளுக்குச் சீனியர் அலுவலகத்தில் கட்டுக் கட்டுவது அவர்தான்.