உள்ளாடை சொன்னது

பேராசிரியர் செண்பகவல்லி அணிந்திருந்த, உடலைப் படமெடுத்துச் சோதிக்கும் உள்ளாடை மூன்று மாதமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: இடது மார்பில் திசு மாறியிருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள். இருபத்தாறு ஆண்டுகளாக உடற்கூறியல் கற்பிக்கும் தனக்கு ஒரு துணி பாடம் எடுப்பதா என்று அவள் அதன் வாயை அடைத்துவிட்டாள்.

ஒருநாள் வகுப்பில் காட்டவேண்டிய மார்பகப் படம் கிடைக்கவில்லை. உள்ளாடை அன்று காலை எடுத்த படத்தையே, யாருடையது என்று சொல்லாமல், சுவரில் விரித்தாள். ஐம்பத்திரண்டு வயதுக்கு மோசமில்லை என்ற பெருமை வேறு. பால் சுரக்கும் மடல்கள், காம்பை நோக்கி ஓடும் நாளங்கள், இடையில் கொழுப்பு, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் நார்கள் என்று கணீரென்று விளக்கினாள்.

முன்வரிசையிலிருந்த மாணவி ரிஸ்வானா எழுந்தாள்.

"மேடம், இந்த நார் மட்டும் உள்ள இழுத்துக்கிட்டு நிக்கே. பக்கத்துல கட்டி மாதிரி தெரியுது."

செண்பகவல்லி அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். கட்டியேதான்.

"சரியாச் சொன்ன," என்றாள்.

"இவங்ககிட்ட யாரும் சொல்லலையா மேடம்?"

"சொல்லியாச்சு. கேக்கல. படிச்ச திமிரு."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே படத்தை அணைத்தாள்.

மறுநாள் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மருத்துவமனைக்குப் போனாள். சோதனைகள் முடிந்ததும் இளம் மருத்துவர் ஒரு தாளில் மார்பை வரைந்து, மடல் எது, நாளம் எது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"கட்டி சின்னதுதாம்மா, பரவல. எடுத்துட்டாச் சரியாயிரும்," என்றார். "என்ன வேலை பாக்கீங்க?"

"டீச்சர்," என்றாள் செண்பகவல்லி. எந்தப் பாடம் என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.