எடை மேடை

எடை மேடையில் மனைவி ஏறி நின்றதும், பின்னால் நின்ற போஸ்ட்மாஸ்டர் யாருக்கும் தெரியாமல் தன் வலது காலை அதன் ஓரத்தில் வைத்து மெல்ல அழுத்தினார்.

யாருக்கும் தெரியவில்லை என்பது அவர் நினைப்பு. வரிசையில் நின்ற எல்லோருமே பார்த்துவிட்டார்கள். "பெரியவருக்கு இந்த வயசுலயும் குசும்பு போகல," என்று ஒருவர் கிசுகிசுக்க, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கோட்டைக் கழட்டிட்டும் ஏறலாம்மா," என்றாள் கவுண்ட்டர் பெண்.

"இருக்கட்டும்மா, குளிருது."

சுவரில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. அறுபத்து மூன்று.

"பாத்தீங்களா," என்று மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "ஊர் ஊரா கூட்டிட்டுப் போய்த் தின்னக் குடுத்து, என்னை ஊத வச்சுட்டீங்க."

"பின்ன, ஓட்டல்காரன் பிழைக்க வேண்டாமா?" என்றார் அவர். அதற்குள் கால் சமர்த்தாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

இருபது பேர் ஏறுகிற குட்டி விமானம் அது. சுற்றுலாவின் நான்காவது ஊருக்குப் போக அதை விட்டால் வேறு வழியில்லை. மூட்டை முடிச்சோடு ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள் என்று விடுதிக்காரர் நேற்று இரண்டு பேரிடமும் சொன்னதிலிருந்து போஸ்ட்மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குப் புற்றுநோய் திரும்ப வந்திருந்தது. டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனிமே மருந்தால ஒண்ணும் ஆகாதுங்க. அவங்க ஆசைப்பட்ட இடமெல்லாம் காட்டுங்க," என்று சொல்லிவிட்டார். வெளியே வந்த போஸ்ட்மாஸ்டர், "எல்லாம் நல்லா இருக்காம். எங்கேயாவது சுத்திட்டு வரலாமா?" என்றார். அன்றிலிருந்து அந்த ஒரு பொய்யைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்துவருகிறார்.

உடம்பு பொய் சொல்லுமா? நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். நல்லவேளை, அவளுடைய சந்தேகமெல்லாம் டெய்லர் மேல்தான். "தொளதொளன்னு தச்சு வச்சிருக்கான் பாருங்க, அளவு தெரியாதவன்," என்று ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக்கொள்வாள். அவரும் சேர்ந்துகொண்டு அந்த அப்பாவியைத் திட்டுவார்.

டெய்லரைத் திட்டித் தப்பிக்கலாம், எடை மேடையை என்ன சொல்வது? போன முறை ஆஸ்பத்திரியில் ஐம்பத்தெட்டு என்று அவள் முன்னால்தான் சொன்னார்கள். இப்போது பத்து கிலோவாவது குறைந்திருக்கும்.

ராத்திரி பூராவும் புரண்டுவிட்டு விடிந்து ஜன்னல் வழியே பார்த்தால், அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கடற்கரையில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "பேத்திக்கு," என்றாள். ஒன்றும் தெரியாமல் இப்படிச் சின்னப்பிள்ளையாக விளையாடுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

அதனால்தான் அந்தக் கால். பார்சல் எடை போட்டே தலை நரைத்தவர், அடுத்தவன் தபாலில் ஒரு கிராம்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் முதல் திருட்டு. அதையும் கணக்காகப் பத்து கிலோவுக்குத்தான் அழுத்தினார். எண் ஏன் அவ்வளவு ஏறியது என்று அவருக்கே விளங்கவில்லை. பதற்றத்தில் ஏறி மிதித்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் கவுண்ட்டருக்குத் திரும்ப வந்தார். "அம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"பாத்தேன் சார். மறுபடி ஏறச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவளுக்கு உடம்பு ரொம்ப முடியல. எவ்வளவு இளைச்சுட்டான்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்." எண்களைக் காட்டினார். "என் கால் கணக்கைக் கழிச்சுக்குங்க."

அந்தப் பெண் பேனாவை எடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "பாதி சீட்டு காலிதான் சார். கூட எழுதினா ஒண்ணும் ஆகாது, குறைச்சு எழுதினாத்தான் வம்பு. நீங்க போய் அவங்க பக்கத்துல உக்காருங்க."

விமானத்துக்குள் வெயில் தகித்தது. மனைவிக்கு ஜன்னல் ஓரம். பெல்ட் போட வசதியாகக் கோட்டைக் கழற்றி மேலே வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள் பணிப்பெண்.

"பரவால்லைங்க, மடியிலேயே வச்சுக்கிறேன்," என்றாள் மனைவி.

"எதுக்கு? குடு இப்படி."

தயங்கித் தயங்கிக் கழற்றினாள். தோள் எலும்பு ரவிக்கைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்க்காத மாதிரி அவர் ஒரு கையால் கோட்டை வாங்க, கை சடாரென்று கீழே இறங்கியது. பார்சல் தூக்கிப் பழகிய கை அது. ஐந்து கிலோ, ஒரு கிராம் குறையாது.

பையிலிருந்து ஒரு கூழாங்கல் விழுந்து நடைபாதையில் உருண்டு ஓடியது. அவர் கோட்டைத் தடவிப் பார்த்தார். வெளிப் பை, உள் பை, எல்லாவற்றிலும் கல்.

வெளியே இறக்கையின் விசிறி சுழல ஆரம்பித்து விமானம் அதிர்ந்தது. அவர் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க காலை வைப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, நான் இத்தனை கல்லைச் சுமந்திருக்க மாட்டேங்க."