ஓசைப்படாமல் குதிப்பது எப்படி

பத்து நாற்பதுக்கு மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவில் எல்லாரும் ஷூவைக் கழற்றினார்கள்.

சத்தமில்லாமல் கழற்ற வேண்டும். சத்தமில்லாமல் வராந்தாவுக்குக் கொண்டுபோய்ச் சுவரோரமாக வரிசையில் வைக்க வேண்டும். டீச்சர் காலையிலேயே மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டாள்.

இருபது நிமிடம் பின்னக் கணக்கு, இரண்டு நிமிடம் குதிப்பு, மறுபடியும் கணக்கு. மூன்று மாதமாக இந்த வகுப்பு இப்படித்தான் ஓடுகிறது.

குதித்து முடித்தால் கால்கள் அடங்கிவிடும், கண்கள் கரும்பலகைக்கு வந்துவிடும். ஒரு கணக்குப் போடுவதற்குள் நாலு தரம் பெஞ்சை விட்டு எழுந்துகொண்டிருந்த பம்பரம்கூட இப்போது எட்டுக் கணக்கை ஒரே மூச்சில் போடுகிறாள். பம்பரம் என்பது வகுப்பு வைத்த பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஆனால் தலைமையாசிரியரின் அறை நேர் கீழே இருந்தது. கட்டடமோ அரதப் பழசு. நேற்று நாற்பத்திரண்டு பேரும் ஒன்றாகக் குதித்ததில் மேல்கூரையின் காரை பெயர்ந்து அவருடைய டீயில் விழுந்துவிட்டது.

“இன்னொரு தடவை மேல சத்தம் கேட்டுச்சுன்னா, அதோட இந்தக் கூத்தை நிறுத்திடணும் டீச்சர்” என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தாள். மனிதர் சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே சொன்னார்? குதிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

விடுவதாக இல்லை அவள். காலையில் பல் தேய்த்த கையோடு வீட்டுக் கூடத்தில் குதித்துக் குதித்துப் பார்த்தாள். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை மடக்கி, குதிகாலைக் கடைசியாக வைக்க வேண்டும். கணவரைக் கண்ணை மூடி உட்காரவைத்து, கேட்கிறதா கேட்கிறதா என்று நச்சரித்தாள். ஐந்தாவது தரம்தான் அவர் இல்லை என்றார். அவள் படுத்திய பாட்டில் பாவம், அவருடைய டீ ஆறிப்போயிருந்தது.

இப்போது டீச்சர் உதட்டில் விரலை வைத்தாள். நாற்பத்திரண்டு விரல்கள் உதடுகளுக்குப் போயின.

குதித்தார்கள்.

மின்விசிறியின் கிறீச் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கினார்கள், மறுபடி எழும்பினார்கள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

தொப்.

வாசல் பக்கமிருந்து வந்தது சத்தம். வாசலோரத்தில் நிற்பது பம்பரம்.

டீச்சர் சட்டென்று திரும்பினாள். பம்பரத்தை முறைத்தாள். பம்பரம் நான் இல்லை என்று வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

இரண்டு நிமிடம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பென்சில்கள் ஓடத் தொடங்கின.

டீச்சர் மட்டும் மாடிப்படிப் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் வந்தால் படியிலேயே தெரிந்துவிடும். அவருடைய ஷூவின் டக் டக் கேட்டால் ஆசிரியர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள். இன்று அது கேட்கவில்லை.

வந்து நிறுத்தச் சொல்லும்வரை காத்திருப்பானேன் என்று தோன்றியது அவளுக்கு. நாமே கீழே போவோம். இந்த நோட்டைப் பாருங்கள், அப்புறம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவோம். பம்பரத்தின் மேசையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

மூக்கை உறிஞ்சியபடி வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பம்பரம் மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், ஷூ ஒரு ஜோடி கூட இருக்கு.”

டீச்சர் வராந்தாவுக்கு வந்தாள்.

சுவரோரமாகச் சின்னச் சின்ன ஷூக்கள் நீளமாக வரிசையில் இருந்தன. வரிசையின் கடைசியில், கொஞ்சமும் பிசகாமல், பளபளவென்று ஒரு பெரிய கறுப்பு ஜோடி.

அதன் சொந்தக்காரர் வெறும் சாக்ஸோடு தூணில் கையை ஊன்றி நின்றிருந்தார். சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

டீச்சர் வாயைத் திறக்கப் போனாள்.

அவர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.