கேட்காமல் போன கிட்டார்

“தலையை ஆட்டறேன், கண்ணை மூடறேன், விரல் பறக்குது. ஆனா கிட்டார் சத்தம் எங்கே? எங்கேன்னு கேக்கறேன்!”

பல் டாக்டர் போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். நேற்று சாயங்காலம் குடியிருப்போர் சங்க விழாவில் யாரோ எடுத்த வீடியோ. கடைசிப் பாட்டு. டிரம்ஸ் கேட்டது, கீபோர்டு கேட்டது, பாடிய வக்கீலின் குரல் கணீரென்று கேட்டது. டாக்டரின் கிட்டார் மட்டும் முதல் தட்டோடு சரி, அப்புறம் பாட்டு முழுக்க ஊமை.

“வயர் கழண்டிருக்கும்” என்றாள் மனைவி.

“ஒண்ணும் கழலல! மேடையில எனக்கு ஜோராக் கேட்டுச்சே! காலையில கிளினிக்குக்கு வந்த ஒருத்தன், ஊசி போட்டு வாய் மரத்துப்போயும் விடாம கேக்கறான், ‘நேத்து நீங்க சும்மா நடிச்சீங்களா டாக்டர்?’னு.”

“பாட்டு நல்லா இருந்துச்சுன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?”

“அதாண்டி எரியுது! நான் இல்லாமலே நல்லா இருந்துச்சாம்!”

யாரோ வேண்டுமென்றே கிட்டார் சத்தத்தை அடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வக்கீல்தான்! பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாக்டர், வக்கீல் உட்பட நாலு நண்பர்களும் கூடிப் பாடி வாசிக்கிறார்கள். கைதட்டல் வேறு யாருக்குப் போனாலும் வக்கீலுக்கு வயிறு எரியும் என்பது டாக்டரின் நெடுநாள் கண்டுபிடிப்பு. போதாக்குறைக்கு விழாவுக்கென்றே டாக்டர் புதுக் கிட்டார் ஒன்று வாங்கியிருந்தார். சிவப்பு. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மற்ற பாட்டுக்கெல்லாம் பழையதை வாசித்துவிட்டு, கடைசிப் பாட்டுக்கு அதைத் தோளில் மாட்டியபோது வக்கீல் பார்த்த பார்வை இருக்கிறதே!

நேரே மச்சினன் கடைக்குப் போனார் டாக்டர். ஸ்பீக்கர், மைக், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன் அவன். நேற்று மேடையில் யார் சத்தத்தைக் கூட்டுவது, யாருடையதைக் குறைப்பது என்பதெல்லாம் அவன் விரல்நுனியில்தான் இருந்தது.

“மறைக்காம சொல்லு. என் கிட்டாரை அடைச்சது யாரு?”

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மச்சினன் நிமிர்ந்தான். “நான்தான் அத்தான்.”

“உனக்குத் தானா அந்தப் புத்தி வராது. யாரு சொன்னா?”

மச்சினன் தயங்கினான். “வக்கீல் சார்.”

“பார்த்தியா!” டாக்டர் மேசையில் ஓங்கி அடித்தார். “கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்! நீயும்தான், ஊரான் சொன்னான்னு அக்கா புருஷன் வாயை அடைச்சியே, நல்லா இருப்பியா நீ?”

“அத்தான், கொஞ்சம் பொறுமையா...”

“பொறுமையாவது!” அங்கேயே போனை எடுத்தார். கோபத்தில் எழுத்து எழுத்தாகக் குத்தினார். ‘உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நம் கோஷ்டியில் உங்களுக்கு இடமில்லை.’ அனுப்பியும் விட்டார்.

உடனே பதில் வந்தது. ‘சரி டாக்டர். நீங்க வாசிக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க.’

“பாரு, நக்கலைப் பாரு! செஞ்சதை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றானா? வக்கீலுக்கே வாதாட வாய் வரல!”

மச்சினன் வயரைக் கீழே போட்டான். “போதும் அத்தான். இதுக்கு மேல என்னால முடியாது. உட்கார்ந்து இதைக் கேளுங்க.”

கம்ப்யூட்டரைத் திறந்தான். நேற்றைய பாட்டில் ஒவ்வொருவர் வாசித்ததும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. அடைத்து வைத்திருந்த கிட்டாரையும் மற்றவற்றோடு சேர்த்து ஓடவிட்டான்.

கிட்டார் கேட்டதும் டாக்டர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே சுருங்கியது. பாட்டு ஒரு பக்கம் போக, கிட்டார் இன்னொரு பக்கம் இழுத்தது. காது கூசியது.

“ஐயையோ, நிறுத்து! யாரு வாசிக்கிறது இது?”

“நீங்கதான். வக்கீல் சாருக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு மத்தியானம் எல்லாரும் அரைக் கட்டை சுருதி இறக்கிக்கிட்டீங்க. உங்க பழைய கிட்டாரையும் இறக்கினீங்க. புதுசு அப்போ பெட்டிக்குள்ள இருந்துச்சு. அதை இறக்க மறந்துட்டீங்க.”

“எனக்கு எதுவும் தப்பாக் கேக்கலையே?”

“எப்படிக் கேக்கும்? உங்க காலடியில வெச்ச ஸ்பீக்கர்ல உங்க கிட்டார் மட்டும்தான் வரணும், வேற எவன் சத்தமும் கூடாதுன்னு நீங்கதானே அடம்பிடிச்சீங்க?”

டாக்டர் பக்கத்திலிருந்த பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தார். ஆனாலும் கோபம் போகவில்லை. “இதை வந்தவுடனே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“சொல்லக்கூடாதுன்னு வக்கீல் சார் சத்தியம் வாங்கிட்டார். பாட்டு ஆரம்பிச்சதுமே என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், நான் வெளி ஸ்பீக்கர்ல மட்டும் அடைச்சேன். முடிஞ்சதும் ஓடி வந்து, ‘உங்க அத்தான் வந்து கத்துவார், என் பேரைச் சொல்லிடு’ன்னார்.”

“அவன் பேரையா? அவனுக்கென்ன தலையெழுத்து?”

“நானும் அதைத்தான் கேட்டேன் அத்தான். ‘என்மேல கோபம்னா நாலு நாள் திட்டிட்டு விட்டுடுவார். அத்தனை பேர் முன்னாடி தப்பா வாசிச்சோம்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் அப்புறம் கிட்டாரையே தொடமாட்டார்டா’ன்னார்.”