இனிமே நீ வேணாம் லாத்தா

"லாத்தா! இனிமே பரீட்சைக்கு நீ வர வேணாம்!"

வாசலிலிருந்தே கத்தினான் ஜாபிர். முகமெல்லாம் சிரிப்பு.

ஷஹனாஸ் திகைத்தாள். பார்வையில்லாத தம்பி சொல்லச் சொல்ல, காலேஜில் இத்தனை வருடமும் பரீட்சைத் தாளில் எழுதியது அக்கா அவள்தான்.

"ஏன்டா?"

"கம்ப்யூட்டர்லயே எழுதிக்கலாம்னு பர்மிஷன் குடுத்துட்டாங்க! வேர்டுல நான் அடிக்கறத அதுவே படிச்சுக் காட்டும். தப்பிருந்தா நானே திருத்திக்குவேன்."

"நல்லதுடா" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "என் எழுத்து அவ்ளோ மோசமா?"

"உன்ன எப்படியாவது கழட்டி விடணும்னுதான் ராப்பகலா டைப்பிங் கத்துக்கிட்டேன்!"

"என்ன பேச்சுடா இது?" உம்மா அதட்டினார். "உனக்காக பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நாயா அலைஞ்சவடா அவ!"

"அலைஞ்சது மட்டுமா உம்மா? ப்ளஸ் டூவுக்கு மேல படிப்பு ஏறலன்னு நம்மகிட்ட கத விட்டிருக்கா. பரீட்சை எழுதித் தர்றவங்க என்னவிட கம்மியாத்தான் படிச்சிருக்கணும், அதான் ரூலு. போன பரீட்சையப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

உம்மா மகளைப் பார்த்தார். ஷஹனாஸ் தலை நிமிரவில்லை.

ஜாபிர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, படபடவென்று தட்டினான்.

ஏற்ற இறக்கமில்லாத அந்த இயந்திரக் குரல் வீடெங்கும் கேட்டது:

"ஷஹனாஸ். பி.காம். முதல் வருஷம்."